நகர மனித உரிமை ஆணையம் அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகர மனித உரிமை ஆணையம் என்பது என்ன?

நகரமன்றம் ஒரு துணைவிதியை (நகர அளவிலான உள்ளூர்ச் சட்டத்தை) நிறைவேற்றி, அதன் கீழ் உருவாக்கும் பொது அமைப்பு. வாடகை வீடு, வேலை, கடை, பள்ளி, நகராட்சிச் சேவை என அன்றாடம் புழங்கும் இடங்களில் இனம், சாதி, மதம், பாலினம், மாற்றுத்திறன், மொழி, வயது போன்ற காரணங்களால் ஒருவர் ஒதுக்கப்பட்டால், அவர் நடந்தே போய் முறையிடும் தூரத்தில் ஓர் அலுவலகம் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

இதே வேலையைத் தன்னார்வ அமைப்புகளும் செய்கின்றன. பல ஊர்களில் அவைதான் நன்றாகவும் செய்கின்றன. ஆனால் தன்னார்வ அமைப்பின் கடிதத்தை வீட்டு உரிமையாளர் குப்பையில் போடலாம். முறையாக எழுதப்பட்ட துணைவிதி இருந்தால், ஆணையத்தின் கடிதத்துக்கு அவர் பதில் எழுதியே ஆகவேண்டும். அந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் இத்தனை பாடும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1943 ஜூனில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த இனக்கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். அடுத்த ஆண்டு அந்நகரின் மேயர் இனங்களுக்கு இடையிலான குழு ஒன்றை அமைத்தார். அதே காலத்தில் வேறு பல அமெரிக்க நகரங்களிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின.

இந்தப் பிறப்பைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவற்றில் பல, பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் தர அல்ல, ஊரில் அடுத்த கலவரம் வராமல் தடுக்கத் தொடங்கப்பட்டவை. இன்றும் ஒரு சம்பவம் நடந்து, செய்தியாகி, ஊருக்குக் கெட்ட பெயர் வந்த பிறகே பல ஆணையங்கள் பிறக்கின்றன. அப்படிப் பிறக்கும் ஆணையம் ஊரின் பெயரைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடும். வரைவு எழுதும் முதல் நாளிலேயே ஒன்றை முடிவு செய்யுங்கள்: இது யாருக்காக? கதவைத் தட்டி வரும் முறையீட்டாளருக்காக என்றால் துணைவிதியின் ஒவ்வொரு பிரிவும் வேறு மாதிரி வரும்.

எங்கள் ஊருக்கு இது தேவை என்று எப்படிக் காட்டுவது?

மூன்று முதல் ஆறு மாதம் வரை தகவல் திரட்டுங்கள். பொதுக்கூட்டம் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு "யாரும் புகார் சொல்லவில்லை, பிரச்சினை இல்லை" என்று முடிவுக்கு வருவது பொதுவான தவறு. வீட்டு உரிமையாளரும் முதலாளியும் காவலரும் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் எந்தக் குடித்தனக்காரர் எழுந்து பேசுவார்? வாடகைக்கு இருப்பவர்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், மாணவர்கள், சிறுபான்மைச் சமூகத்தினர் என ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியாக, அவர்கள் இடத்திலேயே, அவர்கள் மொழியிலேயே சந்தியுங்கள். எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு கூட்டங்களே போதும்.

அவற்றோடு மாநில, தேசிய அளவிலான மேல்மட்ட ஆணையத்துக்கு உங்கள் ஊரிலிருந்து போன புகார்களின் எண்ணிக்கை, சட்ட உதவி மையத்துக்கு வந்தவர்களின் கேள்விகள், பள்ளிகளின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள், நகராட்சியில் பதிவான குறைகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். புகார் எண்ணிக்கை குறைவாக இருப்பது நல்ல நிலைமைக்குச் சான்று ஆகாது. எங்கே போவது என்று தெரியாத ஊரிலும் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும்.

நகரமன்றத்துக்கு இதை அமைக்கும் அதிகாரம் உண்டா?

நாட்டுக்கு நாடு மாறும். சட்ட ஆலோசகரின் எழுத்து மூலமான கருத்து கையில் வரும்வரை வரைவைத் தொடாதீர்கள். மூன்று நாடுகளின் உதாரணங்களைப் பாருங்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், 1955ஆம் ஆண்டு வந்த மனித உறவுகள் சட்டம் உள்ளூராட்சிகள் தங்கள் ஆணையத்தை அமைத்துக்கொள்ள இடம் தருகிறது. அயோவா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், 29,000 அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள் தனித்து இயங்கும் உள்ளூர் அமைப்பை வைத்திருக்கவே வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது. தென்கொரியாவில் குவாங்ஜு நகரம் தனக்கென மனித உரிமைத் துணைவிதி கொண்டுவந்தது. இந்தியாவிலோ 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், மாவட்டங்களில் மனித உரிமை நீதிமன்றங்கள் ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறது. நகர ஆணையம் அதில் இல்லை.

சட்டம் நேரடியாக இடம் தராத நாட்டில், நகரமன்றம் தன் சொந்தச் சேவைகள், ஒப்பந்தங்கள், உரிமங்கள் ஆகியவற்றை மேற்பார்க்கும் குழு ஒன்றை அமைக்கலாம். அதற்கு "ஆணையம்" என்று பெயர் வைக்காதீர்கள். தனியார் சங்கம் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வது இன்னும் மோசம். சம்மன் அனுப்பும் அதிகாரம் இருக்கிறது என்று நம்பி வருபவர், உண்மையில் புகார் செய்ய வேண்டிய இடத்துக்கான காலக்கெடுவை இங்கே காத்திருந்தே இழந்துவிடுவார்.

எத்தனை வகை ஆணையம் உண்டு?

நடைமுறையில் மூன்று. முதலாவது, நகரமன்றத்துக்குப் பரிந்துரை செய்து, விழிப்புணர்வு நடத்தும் ஆலோசனைக் குழு. இரண்டாவது, புகார் வாங்கி, எதிர்த்தரப்பிடம் பதில் கேட்டு, இருதரப்பையும் சமரசத்துக்கு அழைக்கும் ஆணையம். மூன்றாவது, விசாரித்து, சாட்சிகளை வரவழைத்து, கட்டளையிடும் ஆணையம்.

சிறு நகரங்களுக்கு எங்கள் பரிந்துரை இரண்டாவது வகை. மூன்றாவது வகைக்கு விசாரணை அலுவலரும் வழக்கறிஞரும் முழுநேரம் வேண்டும். அவர்கள் இல்லாமல் அந்த அதிகாரத்தைத் துணைவிதியில் எழுதினால் முதல் வழக்கே நீதிமன்றத்தில் உடையும், அதோடு ஆணையத்தின் மீதுள்ள நம்பிக்கையும் போகும். முதல் வகை எளிது என்பதால் நகரமன்றங்கள் அதைத்தான் விரும்பும். வேறு வழியே இல்லையென்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்; ஆனால் "24 மாதத்துக்குள் புகார் ஏற்கும் அதிகாரம் குறித்து நகரமன்றம் வாக்கெடுப்பு நடத்தும்" என்ற வரியைத் துணைவிதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

துணைவிதியில் என்னென்ன எழுத வேண்டும்?

வரைவில் ஒரு சொல் நழுவினால் பல ஆண்டு துன்பம் என்பதால் இதற்கு நேரம் கொடுங்கள்.

பாதுகாக்கப்படும் காரணங்களின் பட்டியல், மேல்மட்டச் சட்டத்தில் உள்ளதைவிடக் குறுகியதாக இருக்கக்கூடாது. "மற்றும் இவை போன்ற பிற காரணங்கள்" என்று பொதுவாக எழுதினால் பரந்த பாதுகாப்பு கிடைக்கும் என்று நினைப்பார்கள். தெளிவின்மை என்று சொல்லி அதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தாக்குவார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒருவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று தவறாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டாலும், அந்தச் சமூகத்தவரோடு பழகியதால் ஒதுக்கப்பட்டாலும் பாதுகாப்பு உண்டு என்று ஒரு வரி சேருங்கள்.

அதிகார வரம்பு எது? நகர எல்லைக்குள் நடந்த செயல் மட்டுமா, நகர எல்லைக்குள் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் வெளியே செய்ததும் சேருமா? எத்தனை ஊழியர்கள் உள்ள நிறுவனம் வரை? மேல்மட்டச் சட்டம் சிறு நிறுவனங்களை விட்டுவிட்டிருந்தால், உள்ளூர் துணைவிதி அந்த இடைவெளியை நிரப்ப முடியுமா என்று பாருங்கள். உள்ளூர் ஆணையம் உண்மையிலேயே பயன்படும் இடம் பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

பழிவாங்கல் தடை தனிப் பிரிவாக வேண்டும். முறையிட்டவரை மட்டுமல்லாமல் சாட்சி சொன்னவர், துணைக்கு வந்தவர், மொழிபெயர்த்தவர் எல்லோரையும் அது காக்க வேண்டும். மூலப் புகார் நிரூபணம் ஆகாவிட்டாலும் பழிவாங்கல் தனிக்குற்றம் என்று எழுதுங்கள். இது விடுபட்டால் புகார் தோற்ற மறுநாளே வேலை போகும்.

பரிகாரம் என்னென்ன என்பதும் எழுத்தில் இருக்கட்டும்: வேலையில் மீண்டும் சேர்த்தல், வீட்டை வாடகைக்குத் தருதல், இழப்பீடு, சரிவுப்பாதை கட்டுதல், பயிற்சி, நடைமுறை மாற்றம். "தகுந்த நடவடிக்கை எடுக்கலாம்" என்று மொட்டையாக முடியும் துணைவிதிகள் உண்டு. அவற்றின் கீழ் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

ஆவணம் கேட்கும் அதிகாரம், பதில் தராவிட்டால் என்ன ஆகும், நகராட்சித் துறைகள் எத்தனை நாளில் ஒத்துழைக்க வேண்டும், ஆண்டறிக்கை எந்த மாதம் நகரமன்றத்தில் வைக்கப்படும், அதற்கு நகரமன்றம் எத்தனை நாளில் எழுத்தில் பதில் தரும் ஆகியவையும் வேண்டும். கடைசி இரண்டையும் அநேகமாக எல்லோரும் மறக்கிறார்கள். 60 நாளில் பதில் என்ற ஒரு விதி இருந்தால் பரிந்துரைகள் அலமாரியில் தூங்காது.

உறுப்பினர்கள் எத்தனை பேர்? யார் நியமிப்பது?

ஏழு முதல் பதினொரு பேர், ஒற்றைப்படை எண். ஒன்பது பேர் வசதியான எண்ணிக்கை. பதவிக்காலம் மூன்று ஆண்டு என்றால், முதல் தடவை மட்டும் மூவருக்கு ஓர் ஆண்டு, மூவருக்கு இரண்டு, மூவருக்கு மூன்று என்று பிரித்துக் கொடுங்கள். அப்போது ஆண்டுதோறும் மூன்று இடம் மட்டுமே மாறும். ஒரே மேயர் ஒரே நாளில் ஆணையம் முழுவதையும் மாற்ற முடியாது.

மேயர் தனியாக நியமிப்பதை ஏற்காதீர்கள். திறந்த விண்ணப்பம், தேர்வுக்குழுவின் பட்டியல், நகரமன்றத்தின் ஒப்புதல் என்ற வரிசை நல்லது. காரணம் காட்டி, விசாரணை வைத்து மட்டுமே உறுப்பினரை நீக்கலாம் என்பதும் எழுத்தில் வேண்டும். நகராட்சி ஊழியர்களும் பதவியில் உள்ள மன்ற உறுப்பினர்களும் வாக்குரிமையுள்ள உறுப்பினர் ஆகக்கூடாது.

பிரதிநிதித்துவம் பற்றி ஒரு சொல். வழக்கறிஞர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மதத் தலைவர் என்று நிரப்பிவிடுவது எளிது. அவர்களுக்கு மாலை நேரம் உண்டு. வாடகைக்கு இருப்பவர், மணிக்கணக்கில் கூலி வாங்குபவர், சக்கர நாற்காலியில் வருபவர் வேண்டும் என்றால் கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் அவர்களைக் கேட்டு வைக்க வேண்டும். பயணப்படி, குழந்தை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, சைகைமொழி பெயர்ப்பாளர் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அழைப்பு மட்டும் போதாது.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. "மொத்த இடங்களில் பெரும்பான்மை" என்று எழுதினால், ஒன்பதில் மூன்று இடம் காலியாக இருக்கும்போதும் ஐந்து பேர் வந்தாக வேண்டும்; ஆறு பேரில் இருவர் வரவில்லையென்றால் கூட்டம் இல்லை. "நிரப்பப்பட்ட இடங்களில் பெரும்பான்மை, ஆனால் நான்குக்குக் குறையாமல்" என்று எழுதுங்கள். பதவிக்காலம் முடிந்தவர் அடுத்தவர் வரும்வரை, அதிகபட்சம் ஆறு மாதம், தொடரலாம் என்றும் சேருங்கள். காலி இடத்தை நிரப்பாமல் விடுவதுதான் ஓர் ஆணையத்தைச் சத்தமில்லாமல் சாகடிக்கும் வழி.

ஊழியரும் பணமும் எவ்வளவு தேவை?

ஊழியர் இல்லாத ஆணையம் புகார் வாங்கக்கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. தன்னார்வ உறுப்பினர்கள் தங்கள் கைப்பேசியில் புகார் கேட்டு, வீட்டு மேசையில் கோப்பு வைத்துக்கொண்டால் இரகசியமும் போகும், காலக்கெடுவும் போகும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். அரைநேர ஊழியர் வாரம் 20 மணி, ஆண்டுக்கு 48 வாரம்: 960 மணி. கூட்ட ஏற்பாடு, நடவடிக்கைக் குறிப்பு, விழிப்புணர்வு, ஆண்டறிக்கை ஆகியவற்றுக்குப் பாதி போய்விடும். மிச்சம் 480 மணி. ஒரு முழு விசாரணைக்கு 40 மணி என்று வைத்தால் ஆண்டுக்கு 12 விசாரணை. அதற்கு மேல் புகார் வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

சம்பளம் தவிர, வெளி வழக்கறிஞர் கட்டணம், மொழிபெயர்ப்பு, மத்தியஸ்தர் கட்டணம், பயிற்சி, பூட்டிவைக்கும் கோப்பறை, பாதுகாப்பான கணினிக் கோப்பு ஆகியவை பட்டியலில் வரும். இந்தப் பணம் மேயர் அலுவலகச் செலவுக்குள் அடங்காமல், நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக இருக்க வேண்டும். 1993 டிசம்பர் 20இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாரிஸ் கோட்பாடுகள் தேசிய மனித உரிமை நிறுவனங்களுக்காக எழுதப்பட்டவை என்றாலும், அவற்றின் அளவுகோல் நகரத்துக்கும் பொருந்தும்: சட்டத்தில் எழுதிய அதிகாரம், பன்முக உறுப்பினர், அரசைச் சாராத சொந்த ஊழியரும் இடமும், போதிய நிதி.

புகார் வந்தால் படிப்படியாக என்ன நடக்க வேண்டும்?

முதல் உரையாடல் வாய்மொழியாகவே இருக்கட்டும். ஊழியர் கேட்டு எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கலாம். எழுத்தறியாதவர், வேறு மொழி பேசுபவர், அச்சத்தில் இருப்பவர் ஆகியோரைப் படிவம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

படிவம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. யார், எப்போது, எங்கே, என்ன நடந்தது, ஏன் இந்தக் காரணத்தால் என்று நினைக்கிறார், யார் பார்த்தார்கள், என்ன ஆவணம் உண்டு, என்ன தீர்வு வேண்டும், வேறு எங்காவது புகார் செய்திருக்கிறாரா: இவ்வளவே. குடியுரிமை அல்லது விசா நிலையைக் கேட்காதீர்கள். அந்தக் கட்டம் ஒன்று இருந்தாலே பலர் எழுந்து போய்விடுவார்கள்.

ஐந்து வேலை நாளில் புகார் கிடைத்ததாகக் கடிதம். பதினைந்து நாளில் அதிகார வரம்புச் சோதனை. வரம்புக்குள் வராவிட்டால் "எங்களால் முடியாது" என்று நிறுத்தாமல், சரியான அலுவலகத்தின் பெயர், முகவரி, அங்கே உள்ள காலக்கெடு ஆகியவற்றை எழுத்தில் கொடுங்கள். வரம்புக்குள் வந்தால் அடுத்த பத்து நாளில் எதிர்த்தரப்புக்கு நகல், அதோடு ஆவணங்களை அழிக்கக்கூடாது என்ற அறிவிப்பு, பதிலுக்கு 30 நாள். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில வாரங்களிலேயே தாமாக அழிந்துவிடக்கூடியவை. ஆகவே அந்த அறிவிப்பை மட்டும் காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள்.

விசாரணையின் உயிர் ஒப்பீட்டில் இருக்கிறது. "வீடு ஏற்கெனவே கொடுத்தாயிற்று" என்று உரிமையாளர் சொன்னால், அந்த வாரத்தில் வேறு யாருக்கு வீடு காட்டப்பட்டது, ஒப்பந்தத் தேதி என்ன, விளம்பரம் எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். "வேலையில் ஒழுங்கில்லை" என்றால், அதே தவற்றைச் செய்த மற்றவர்களுக்கு என்ன தண்டனை என்று கேளுங்கள். வெளிப்படையாகச் சாதிப்பெயரோ இனப்பெயரோ சொல்லித் திட்டியதற்குச் சாட்சி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் விசாரணையாளர், உண்மையான பாகுபாட்டில் பெரும்பகுதியைத் தவறவிடுவார்.

விசாரித்தவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒன்பது பேர் இருந்தால் மூவர் குழு ஒன்று கோப்பைப் பார்க்கட்டும். மேல்முறையீட்டை மீதி ஆறு பேரில் மூவர் பார்க்கட்டும். அளவுகோல், நடக்காமல் இருந்ததைவிட நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்பதே. குற்றவழக்கின் அளவுகோலை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.

காலக்கெடு விஷயத்தில் ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

ஆணையம் நல்லெண்ணத்தோடு செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு இங்கேதான் நிகழ்கிறது. உங்களிடம் புகார் கொடுத்ததால் நீதிமன்றக் காலக்கெடுவோ மேல்மட்ட ஆணையத்தின் காலக்கெடுவோ நின்றுவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் நிற்காது. அமெரிக்காவில் வேலைப் பாகுபாட்டை மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (EEOC) பதிய 180 நாள். அதே வகைப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை மாநில அல்லது உள்ளூர் அமைப்பு அமல்படுத்தும் இடங்களில் 300 நாள். இந்தியாவின் தேசிய, மாநில ஆணையங்கள், சம்பவம் நடந்து ஓராண்டுக்குப் பின் வரும் விஷயத்தை விசாரிக்க முடியாது. சமரசம் சமரசம் என்று பத்து மாதம் இழுத்துவிட்டு முடியவில்லை என்று கையை விரித்தால், முறையீட்டாளரின் கையில் எதுவும் மிஞ்சாது.

முதல் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் மற்றக் காலக்கெடுகளின் தேதியைப் போடுங்கள். "180 நாள்" என்று போட்டால் போதாது. எண்ணிப் பார்த்து, நாள், மாதம், ஆண்டு என்று எழுதுங்கள். கோப்பின் அட்டையிலும் அதே தேதி. அதற்கு 45 நாள் முன்பு முறையீட்டாளருக்கு இன்னொரு கடிதம்.

சமரசம் எப்போது, எப்படி?

இருவரும் சம்மதித்தால் மட்டும். மத்தியஸ்தரும் விசாரணையாளரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. சமரச அறையில் சொன்னது விசாரணைக் கோப்புக்குள் போகாது என்ற உறுதி இல்லாவிட்டால் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள். 60 நாள் வரம்பு வையுங்கள். உடன்பாட்டில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார், செய்யாவிட்டால் என்ன என்பது இருக்கட்டும். ஆறாவது மாதம் ஊழியர் போய்ப் பார்க்கட்டும்.

பாலியல் வன்முறை, உடல்ரீதியான மிரட்டல் உள்ள விஷயங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவராதீர்கள். "சேர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற வார்த்தையே அங்கே இன்னொரு அழுத்தம்.

புகார் நகராட்சி மீதே வந்தால்?

வரும். வராத ஆணையத்தை மக்கள் நம்பவில்லை என்று பொருள். நகராட்சியின் சட்ட ஆலோசகர் நகராட்சிக்காக வாதாடுபவர். அதே வழக்கில் அவரே ஆணையத்துக்கும் ஆலோசனை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட புகார்களுக்கு வெளி வழக்கறிஞரை அமர்த்தும் உரிமையும் அதற்கான நிதியும் துணைவிதியிலேயே வேண்டும். பக்கத்து நகரத்தின் ஆணையத்தோடு கோப்புப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொள்வதும் நல்ல வழி: உங்கள் நகராட்சி மீதான புகாரை அவர்கள் விசாரிப்பார்கள், அவர்களுடையதை நீங்கள்.

காவல்துறை மீதான புகாருக்குப் பல இடங்களில் தனி அமைப்பும் தனி நடைமுறையும் உண்டு. உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால் அதைப் பலகையிலேயே எழுதிவிட்டு, அந்த அமைப்புக்குப் புகார் எழுத உதவுங்கள்.

கூட்டங்கள் திறந்தவை, புகார்கள் இரகசியம். இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது?

கொள்கை, நிதி, நிகழ்ச்சிகள் எல்லாம் திறந்த கூட்டத்தில். புகார்கள் எண்ணால் மட்டும் குறிக்கப்பட்டு, சட்டம் அனுமதிக்கும் மூடிய அமர்வில். நடவடிக்கைக் குறிப்பில் "கோப்பு 7, மேல் விசாரணைக்கு அனுப்பப்பட்டது" என்பதற்கு மேல் வேண்டாம்.

ஆண்டறிக்கையில் கவனம் தேவை. சிறு ஊரில் "மாற்றுத்திறன், உணவகம், ஒரு புகார்" என்று அட்டவணை போட்டால் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைந்த எண்களைத் தனியே காட்டாமல் சேர்த்துக் காட்டுங்கள்.

ஊரில் வெறுப்புச் சம்பவம் நடந்தால்?

பாதிக்கப்பட்டவரைச் சந்திப்பதற்கு முன் அறிக்கை விடாதீர்கள். தன் வீட்டுச் சுவரில் எழுதப்பட்டதைப் பற்றி ஒருவர் ஆணையத்தின் அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இருவர் நேரில் போக வேண்டும். பெயர் வெளியே வரலாமா, பேரணி வேண்டுமா, அமைதி வேண்டுமா என்று அவரைக் கேட்க வேண்டும். சுவரைக் கழுவுவதற்கு முன் படம் எடுத்து வைக்க வேண்டும்.

"மனித உரிமை நகரம்" என்று அறிவித்துக்கொள்வதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் உதவும். அர்ஜென்டினாவின் ரொசாரியோ 1997இல் தன்னை மனித உரிமை நகரமாக அறிவித்தது. ஐரோப்பாவில் முதலாவதாக ஆஸ்திரியாவின் கிராஸ் 2001இல். கிராஸில் பின்னர் அமைந்த மனித உரிமை ஆலோசனை மன்றம், தேர்தல் பரப்புரைகளில் வெறுப்புப் பேச்சு வருகிறதா என்று கண்காணித்து வெளியிட்டது. ஆலோசனைக் குழுவும் துணிந்தால் பயன்படும் என்பதற்கு அது சான்று. இராணுவ ஆட்சிக்கு எதிரான 1980 மே மக்கள் எழுச்சியின் நினைவைச் சுமக்கும் குவாங்ஜு 2011 முதல் இத்தகைய நகரங்களின் உலக மன்றத்தைக் கூட்டிவருகிறது. அறிவிப்பு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், புகார் வாங்கும் மேசை எங்கே என்று கேளுங்கள்.

முதல் ஆண்டை எப்படித் திட்டமிடுவது?

முதல் மூன்று மாதம் புகார் வாங்காதீர்கள். நடைமுறை விதிகள், நலன் முரண் அறிவிப்பு, படிவங்கள், உறுப்பினர் பயிற்சி ஆகியவற்றை முடியுங்கள். பயிற்சியில் ஒரு கற்பனைப் புகாரை எடுத்து, முதல் அழைப்பிலிருந்து முடிவுக் கடிதம் வரை நடத்திப் பாருங்கள். எந்தப் படிவம் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். நான்காம் மாதம் கதவைத் திறந்ததும் துண்டறிக்கையை நகராட்சி வரவேற்பறையில் அடுக்கிவைத்துவிட்டுக் காத்திருக்காமல், சலவைக் கடை, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், வழிபாட்டிடம் என்று கொண்டுபோங்கள். ஊரில் பேசப்படும் மொழிகள் அனைத்திலும் அது இருக்கட்டும்.

புதிய நகரமன்றம் வந்து ஆணையத்தைக் கலைக்க முயன்றால்?

சாதாரணப் பெரும்பான்மையில் உருவான துணைவிதி சாதாரணப் பெரும்பான்மையில் போகும். சட்டம் அனுமதித்தால், கலைப்பதற்கு இரண்டு பொதுக்கேட்பும் 90 நாள் இடைவெளியும் வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். நகரத்தின் அடிப்படைச் சாசனத்திலேயே ஆணையத்தைச் சேர்க்க முடிந்தால் இன்னும் உறுதி. நிலுவையில் உள்ள புகார்கள் எந்த அமைப்புக்கு மாற்றப்படும், கோப்புகளை யார் எத்தனை ஆண்டு காப்பார், முறையீட்டாளர்களுக்கு எத்தனை நாளில் அறிவிக்கப்படும் என்ற பிரிவும் அதில் இருக்கட்டும். ஆணையம் போனாலும் அந்தக் கோப்புகளில் உள்ளவர்கள் அந்த ஊரில்தான் தொடர்ந்து வாழ்வார்கள்.